அம்மா வேண்டுமென்றேதான் இளைக்கிறாள்

மதிப்பிற்குரிய பஞ்சவர்ணம் அத்தைக்கு,

தங்கள் தம்பி மகள் கலையரசி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான், கறவை மாடு எல்லோரும் நலமாக இருக்கிறோம். அங்கு தாங்களும் மாமாவும் கலைச்செல்வன் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா நலமாக இருக்கிறாள் என்று மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து இன்னொரு தடவை படிக்கவும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஜெயங்கொண்டம் சந்தைக்கு வந்த உங்கள் ஊர் இராமலிங்கம் மாமா நேற்று எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மாவை நினைத்து நீங்கள் அழுதுகொண்டே இருப்பதாகவும், வருகிற ஞாயிற்றுக்கிழமை கீழப்பழுவூர்ச் சொந்தக்காரர்கள் எல்லோரையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு அம்மாவைக் கடைசியாகப் பார்க்க வரப் போவதாகவும் சொன்னார். கடைசியாக என்ற சொல்லை அவராகச் சேர்த்தாரோ என்னமோ, எனக்குத் தெரியாது. அவர் போனதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏனென்றால் திங்கட்கிழமை காலையில் அம்மாவுக்குப் பெரம்பலூரில் ரத்தப் பரிசோதனை. இந்தத் தடவை சர்க்கரை இறங்கியிருந்தால்தான் கண் ஆபரேஷனுக்கு நாள் குறிப்போம் என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு வலது கண்ணில் வெள்ளை விழுந்து, இப்போது இடது கண்ணும் மங்குகிறது. முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் கொட்டையைத் தட்டுவதற்குப் பதில் விரலைத் தட்டிக்கொள்கிறாள். முந்தாநாள் வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்து, “யாருங்க, உள்ள வாங்க” என்றாள். அப்பா சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அம்மா ஏன் இளைத்தாள் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன் அத்தை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களுக்குச் சாப்பாட்டு முறை சொல்வதற்கென்றே பாக்யலட்சுமி மேடம் என்று ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும் என்றதுமே அம்மா பயந்துவிட்டாள். இனிமேல் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள் என்று, போவதற்கு முதல் நாள் சோறு, கறிக்குழம்பு, பணியாரம், ஒரு சீப்பு வாழைப்பழம் என்று ஒவ்வொன்றிடமும் விடைபெற்றுக்கொண்டு சாப்பிட்டாள். மறுநாள் அந்த மேடம், “சோத்த நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேம்மா. சொன்னா ஒரு வாரம் கேப்பீங்க, அதுக்கப்புறம் சேத்து வச்சி சாப்பிடுவீங்க” என்றார். அம்மாவுக்கு வந்ததே கோபம். “அப்ப நேத்து நான் எதுக்குங்க அவ்வளவு தின்னேன்?” என்று அவரிடமே கேட்டாள்.

அவர் ஒரு தட்டை எடுத்துவைத்துக் காட்டினார். பாதித் தட்டுக்குக் கீரையும் காயும், கால் தட்டுக்குச் சோறு, மீதிக் கால் தட்டுக்குப் பருப்போ முட்டையோ மீனோ. களி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது தப்பாம். களியும் சோற்றுக்குரிய இடத்துக்குள்தான் அடங்க வேண்டுமாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது, பட்டினி கிடக்கக் கூடாது, சாப்பிட்டதும் உட்காராமல் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், எடை மெதுவாகத்தான் இறங்க வேண்டும், அப்போதுதான் அது திரும்பி வராது என்றார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். சோறு குறைந்த வருத்தத்தில் எனக்கும் மாட்டுக்கும் திட்டு விழுந்தது. ஆனால் சர்க்கரை இறங்கியது, எடையும் இறங்கியது. ரவிக்கையைப் பிடித்துத் தைத்தோம். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. மேடம் அம்மாவைத் தட்டிக்கொடுத்தார். எங்களுக்கு நல்ல காலம் என்று நினைத்தேன் அத்தை. அதுதான் கெட்ட காலத்தின் ஆரம்பம்.

முதலில் அம்மாவோடு கொட்டை உடைக்கிற பொன்னாயி அக்கா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தது. அடுத்து ஆண்டாயி பெரியம்மா பிரெட்டும் வாழைப்பழமும் வாங்கிவந்தது. அப்புறம் தெருவே வந்தது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவந்ததைத் தங்கள் கண்ணெதிரே கொஞ்சமாவது சாப்பிட வைத்துவிட்டுத்தானே போவார்கள். அம்மா சாப்பிட்டால் சர்க்கரை ஏறுகிறது. வேண்டாம் என்று சொன்னால், சிந்தாமணிக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்று அவர்கள் அடுத்த தெருவில் போய்ச் சொல்ல, அடுத்த தெரு பிரெட்டோடு வருகிறது. அப்பா எல்லோரிடமும், இது வியாதி இல்லை, டாக்டர் சொல்லித்தான் எடையைக் குறைக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தார். பொன்னாயி அக்கா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, “வேணும்னே யாராச்சும் எளைப்பாங்களாண்ணே? வெளில சொல்லக் கூடாத நோவுன்னா சொல்ல வேணாம். அதுக்காகக் கத கட்டாதீங்க” என்றது. இதைக் கேட்டதும் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்கு ஒரு நோவும் இல்லை என்று காட்டுவதற்காக, வருகிறவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து வெளுத்துக்கட்ட ஆரம்பித்தாள். நோய் இல்லை என்று காட்டியே நோயை ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

போன தடவை பெரம்பலூர் போனபோது எடை திரும்ப ஏறியிருந்தது. மேடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். கீரைதான் என்று அம்மா கூசாமல் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு யாராவது வருகிறார்களா என்று அவர் என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். வெறுங்கையோடு வருகிறார்களா என்றார். நான் தலையாட்டவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. “அம்மாவால அவங்கள மறுக்க முடியாதுடா. நீதான் சொல்லணும்” என்றார். அத்தை, உங்களுக்கே தெரியும், ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு நான் நாலு பேர் எதிரில் வாயைத் திறந்ததில்லை. பள்ளிக்கூடத்திலும் திறந்ததில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து ஹார்லிக்ஸ் பாட்டிலையெல்லாம் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அடுத்த நாளே பொன்னாயி அக்கா வந்து, நான் வாங்கிக்கொடுத்தது எங்கே, அம்மாவுக்குக் கலந்து கொடுக்கிறாயா என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இதோ கொண்டாரேங்க்கா” என்று வந்துவிட்டது. நானே எடுத்து, நானே கலந்து, நானே அம்மா கையில் கொடுத்தேன்.

அப்புறம் அரியலூர் வளைகாப்பு. தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் பாசத்தில்தான் செய்தீர்கள். பந்தியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “எங்கையால ஒரு வாயி வாங்கிக்க சிந்தாமணி. அடுத்த விசேஷத்துக்கு நீ இருப்பியோ மாட்டியோ” என்று எல்லோர் எதிரிலும் அழுதுகொண்டே சர்க்கரைப் பொங்கலை ஊட்டினீர்கள். அண்ணி கையைத் தட்டக் கூடாது என்று அம்மா வாங்கிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் வரிசையில் வந்து ஊட்டினார்கள். வளைகாப்புப் பெண்ணுக்கு ஊட்ட ஆளில்லாமல் போய், அது கோபித்துக்கொண்டது.

அதனால் என் பணிவான வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். ஆபரேஷன் முடிந்த பிறகு, உங்களையெல்லாம் அம்மா நன்றாகப் பார்க்கும்படி வாருங்கள். வந்தே தீர வேண்டும் என்றால் முருங்கைக்கீரை மட்டும் கொண்டுவாருங்கள். அம்மாவைப் பார்த்ததும் அழ வேண்டாம். இளைத்துவிட்டாயே என்று சொல்லாமல், நன்றாக நடக்கிறாயாமே என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் கேட்டால் மற்றவர்களும் அப்படியே கேட்பார்கள். உங்கள் பேச்சுக்கு நம் சொந்தத்தில் மறுபேச்சு கிடையாது.

மாமாவுக்கு என் வணக்கம். அப்பா உங்களை மிகவும் விசாரித்தார், நான் இந்தக் கடிதம் எழுதுவது மட்டும் அவருக்குத் தெரியாது. உங்களுக்குக் கலைச்செல்வன் அத்தான்தான் படித்துக்காட்டுவார் என்று தெரியும். தயவுசெய்து மெதுவாக, உங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி படிக்கச் சொல்லவும். படித்ததும் கிழித்துவிடவும். பெரியவர்களுக்குப் புத்தி சொன்னதாக நினைக்காமல் என்னை ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்
அ. கலையரசி

பின்குறிப்பு: அத்தை, தபால் பெட்டியில் போடப் புறப்பட்டேன். தெருமுனையில் உங்கள் வேன் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் கிடைக்கவில்லை என்று இன்றைக்கே வந்துவிட்டீர்களாம். பின்பக்கமாக ஓடிவந்து அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வேனிலிருந்து இறங்கும்போதே நீங்கள் ஆரம்பித்த அழுகை இங்கே கேட்கிறது. “எனக்கு ஒண்ணுமில்ல அண்ணி, இப்ப பாருங்க” என்று அம்மா சொல்வதும், நீங்கள் கொண்டுவந்த தூக்குவாளியைத் திறப்பதும் கேட்கிறது. அதிரச வாசனை அடுப்படி வரைக்கும் வருகிறது. மெதுவாகப் படிக்கச் சொல்லி மேலே எழுதியதை மட்டும் விட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்தை இப்போது நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறேன். கிழிக்க வேண்டாம். அத்தானிடம் கொடுத்து, வேனில் வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பேச எனக்கு வாய் வராது. ஆனால் அவர் படித்து முடிக்கிற வரைக்கும் அந்தத் தூக்குவாளி என் கையில்தான் இருக்கும்.