விஷ்ராந்த்வாடியில் ஒரு பனிக்குழி

மழைக்காலம் ஆரம்பிப்பதற்குள் என் சகலை சபரியின் வயிறு எரிய வேண்டும். கனடாவில் இருக்கிற அந்த வயிற்றைப் புனேயிலிருந்து நான் பற்றவைக்க வேண்டும். மே மாதம் இரண்டாம் தேதி, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இந்தத் தீர்மானத்தை எடுத்தேன். வாயில் நுரையோடு எடுத்ததுதான். ஆனாலும் உறுதியான தீர்மானம்.

காரணம் ஒரு போட்டோ.

என் மனைவி சந்திரிகாவுக்கு ஸ்ரீவித்யா என்று ஒரு தங்கை. அவள் புருஷன்தான் சபரி. கால்கரி என்கிற ஊரில் வீடு வாங்கியிருக்கிறார்கள். வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஊர். அன்று காலை ஸ்ரீவித்யா குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு படம் போட்டாள். வீட்டுப் பின்பக்கம். சாம்பல் நிறக் கல் பாவிய தளம், வட்டமாக நாற்காலிகள், நடுவில் குளிர்காய ஒரு நெருப்புக் குண்டம், ஓரத்தில் ஊதாப் பூச்செடிகள். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? வேணுமென்றே போட்ட படம் அது.

சந்திரிகா அதைப் பெரிதாக்கிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் என் சம்பந்தமாக அவள் விட்ட பெருமூச்சுகள் கணக்கில்லை. எல்லாம் அலுப்புப் பெருமூச்சு. இது வேறு. இதில் ஆசை இருந்தது. இன்னொருத்தன் வீட்டுக் கல்லைப் பார்த்து என் பெண்டாட்டி இப்படி மூச்சு விடுகிறாளே என்று எனக்குக் காது மடல் சூடானது. அந்தப் பெருமூச்சு எனக்கு வேண்டும். என்ன ஆனாலும் வேண்டும்.

"நம்ம சபரிக்கு என்ன ரசனை பாருங்க" என்றாள்.

"சபரிக்கா? கல்யாணப் பந்தல்ல வேட்டி கட்டத் தெரியாம என்கிட்ட வந்து நின்னவன் அவன்."

"வேட்டி கட்டத் தெரிஞ்சவங்க எல்லாம் என்ன கட்டிக் கிழிச்சுட்டாங்க?"

பாருங்கள், பேச்சு எப்படிப் போகிறது.

எங்கள் வீட்டுக்கும் பின்பக்கம் உண்டு. பதினெட்டுக்குப் பன்னிரண்டு. அதில் நாலு நீல டிரம், ஓர் உடைந்த கூலர், ஜோடி இல்லாத ஒரு செருப்பு. அந்த இடத்துக்கு நாலு வருஷமாக ஒரு சண்டை நடக்கிறது. அங்கே தரைக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சம்ப், கட்டித் தரச் சொல்கிறாள் சந்திரிகா. கார்ப்பரேஷன் தண்ணீர் விடியற்காலை ஐந்துக்கு வந்து ஏழரைக்குப் போய்விடும். வேகம் இல்லாததால் மாடித் தொட்டிக்கு ஏறாது. அவள்தான் எழுந்து டிரம் டிரம்மாக நிரப்புவாள். நான் சம்ப் கூடாது என்பேன். தோண்டினால் அஸ்திவாரம் ஆடிப்போகும் என்பது வெளியே சொல்கிற காரணம். தோண்டுகிற ஆளுக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டும் என்பது உள்ளே இருக்கிற காரணம்.

"அந்த இடத்துல நானும் கல் தளம் போடப்போறேன்" என்று அறிவித்தேன். "சபரி போட்ட மாதிரியே. அவனோடதை விட நல்லா."

சந்திரிகா சண்டைக்கு வருவாள் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். வரவில்லை.

"சம்ப் வேண்டாமா உனக்கு?"

"உங்க சந்தோஷம்தாங்க முக்கியம்" என்றாள். "ஆனா ஒண்ணு. அங்கே எல்லாம் பிளான் போட்டுத்தான் செய்வாங்களாம். குளிர் தேசத்துப் பிளான். உங்களால அதெல்லாம் அப்படியே செய்ய முடியாது. விட்டுடுங்க."

யாரைப் பார்த்து முடியாது என்கிறாள்? நான் புனேக்குப் பக்கத்தில் சாகண் என்கிற ஊரில் ஒரு கார் உதிரி பாகத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாகத் தரப் பரிசோதகன். டிராயிங்கில் பத்து மில்லிமீட்டர் என்று இருந்து சாமான் பத்தரை வந்தால், செய்தவன் என் காலைப் பிடித்து அழுதாலும் திருப்பி அனுப்புகிறவன். டிராயிங்கில் இருப்பது எதற்காக இருக்கிறது என்று கேட்பது என் வேலை இல்லை. இருக்கிறபடி இருக்கிறதா, அவ்வளவுதான்.

"பிளானை வாங்கு" என்றேன்.

மறுநாளே ஸ்ரீவித்யாவிடமிருந்து சந்திரிகாவின் போனுக்குப் பிளான் வந்தது. அழகான பிளான். கம்பெனி ஜெராக்ஸில் பெரிதாக்கி, நாலு பக்கமும் கிளிப் போட்டுக்கொண்டேன். அளவெல்லாம் அடியில் இருந்தது. கனடாக்காரன் இன்னும் அடியை விடவில்லை போலும் என்று மெச்சிக்கொண்டேன்.

கொத்தனார் ஜெயந்த் வேலைக்கு வந்தான். மராட்டிக்காரன். கோர்படி ரயில்வே காலனியில் நம் ஆட்களோடு வளர்ந்ததால் தமிழ் பேசுவான். எதையும் யாரையும் 'அவன்' ஆக்கிவிடுவான்; சந்திரிகாவை வஹினி, அதாவது அண்ணி, என்பான்.

"சாஹேப், இது என்ன? பனிக்குழி?"

"ஆமா. எட்டுக்கு ஆறு. ஆழம் நாலு அடி. தரை அவ்வளவு ஆழம் வரைக்கும் உறையும். அதுக்குக் கீழே போய் நின்னாத்தான் தளம் ஆடாது."

ஜெயந்த் வானத்தைப் பார்த்தான். நாற்பது டிகிரி. அவன் மூக்கு நுனியிலிருந்து வியர்வை பிளான் மேல் சொட்டியது.

"சாஹேப், புனேல பனி எங்கே வர்றான்?"

"போன டிசம்பர்ல எட்டு டிகிரி வந்துதா, இல்லையா? நீ குரங்குக் குல்லா போட்டியா, இல்லையா?"

"போட்டான்."

"அப்போ தோண்டு."

தோண்டினான். இரண்டாவது நாள் அவனுடைய ஆள் வெயிலில் சுருண்டு உட்கார்ந்துவிட்டதால் நானே மண்வெட்டியோடு இறங்கினேன். கம்பெனிக்கு லீவு போட்டுத் தோண்டினேன். சந்திரிகா மேலே நின்று என்னைப் போட்டோ எடுத்தாள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு இன்னும் இரண்டு போஸ் கொடுத்தேன்.

"இதை ஸ்ரீவித்யாவுக்கு அனுப்பு. சபரி பார்க்கணும்."

"அனுப்பாம இருப்பேனா?" என்றாள். நாலு வருஷத்தில் முதல்முறையாக நான் கேட்காமலே மோர் வந்தது.

பிளானில் அடுத்த வரி: உருகும் பனி நீர் தங்க உள்சுவர் செங்கல், சிமென்ட் பூச்சு, பூச்சு கசியக் கூடாது, மேலே காங்கிரீட் மூடி, ஆள் இறங்க ஒரு வாய்.

ஜெயந்த் தலையைச் சொறிந்தான். "சாஹேப், கோபம் வேண்டாம். இது பார்த்தா சம்ப் மாதிரியே இருக்கான்."

"சம்ப்னு எங்கே எழுதியிருக்கு? காட்டு."

அவன் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பனிக்குழி என்றுதான் எழுதியிருந்தது.

"உனக்கெல்லாம் டிராயிங் படிக்கத் தெரியாது" என்றேன் பெருந்தன்மையாக.

வடக்குப் பக்கம் குளிர்காற்றைத் தடுக்க மரவரிசை என்று பிளான் சொன்னது. அங்கே போடுகிற ஊசியிலை மரம் இங்கே கிடைக்காது என்பதால், இருக்கிறதில் நல்லதாகச் சந்திரிகா சிரமப்பட்டுத் தேர்ந்தெடுத்தாள். ஒரு முருங்கை, இரண்டு கருவேப்பிலை. கிழக்கு மூலையில், வாரிய பனியைக் குவித்துவைக்க வெற்றிடம். அதை ஒன்பதுக்கு நாலு என்று சுத்தமாகக் காலி விட்டேன். பனி வருகிறவரை சும்மா கிடக்க வேண்டாமே என்று சந்திரிகா அதில் இரண்டு கம்பம் நட்டுத் துணிக்கொடி கட்டிக்கொண்டாள். நானும் பெரிய மனசு பண்ணி அனுமதித்தேன்.

குழிப் பூச்சை நானே பரிசோதித்தேன். நிறையத் தண்ணீர் விட்டு, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, இருபத்துநாலு மணி நேரம் காத்திருந்து பார்த்தேன். கோட்டை விட்டுத் தண்ணீர் ஒரு நூல் இறங்கவில்லை. சந்திரிகா அப்படியா, அப்படியா என்று இரண்டு தரம் கேட்டாள். என் வேலையில் அவளுக்கு இவ்வளவு அக்கறை வந்துவிட்டதே என்று சாக்பீஸ் கோட்டை இன்னொரு தரம் அழுத்திப் போட்டேன்.

கடைசியில் மேலே சாம்பல் நிறக் கல் பாவினோம். நாற்காலிகள் போட்டோம். மே முப்பதாம் தேதி வேலை முடிந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் கல் தளத்தில் உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்று ஏழு மணிக்குப் பின்பக்கம் போனேன்.

காலுக்கடியில் சலசல என்று ஒரு சத்தம். உட்கார்ந்து கல்லில் காதை வைத்தேன். தண்ணீர் விழுகிற சத்தம். எழுந்து பார்த்தேன். சுவரோரம் புதுசாக ஒரு பைப் இறங்குகிறது. அதன் பக்கத்திலிருந்து இன்னொரு பைப் மாடித் தொட்டிக்கு ஏறுகிறது. நடுவில் நீல நிறத்தில் ஒரு மோட்டார். நீல டிரம் நாலையும் காணோம்.

"சந்திரிகா!"

அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தாள். ஏழு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு அவளை நான் பார்த்ததே இல்லை.

"என்ன இது?"

"சம்ப்."

"இது பனிக்குழி!"

"பனி வர்றப்போ பனி விழட்டும். நேத்து நீங்க தூங்கினப்புறம் ஜெயந்த் வந்து பைப் மாட்டிட்டான், இப்போதைக்குத் தண்ணி விழுது." கல்லின் மேல் வெறுங்காலோடு நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். அதே பெருமூச்சு. ஒரு மாதமாக நான் ஏங்கிய பெருமூச்சு. "நாலு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தாங்க ஏழு மணி வரைக்கும் தூங்கினேன்."

கோபப்படலாமா, சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. அவளிடம் கோபப்படத் தைரியம் இல்லாததால் சபரியிடம் கோபப்படுவது என்று முடிவுசெய்து வீடியோ கால் போட்டேன். அங்கே சனிக்கிழமை சாயங்காலம். திரையில் மண் தெரிந்தது. பிறகு மண்ணுக்கு நடுவில் சபரியின் தலை தெரிந்தது.

"ஏம்பா, நீ அனுப்பின பிளான்..."

"நான் எங்கண்ணா பிளான் அனுப்பினேன்? அக்காதானே உட்கார்ந்து வரைஞ்சாங்க? ஸ்ரீவித்யா திருப்பி அனுப்பினதோட சரி."

"அப்போ உன் வீட்டுக் கல் தளம்?"

"அது பக்கத்து வீட்டுது. வேலிக்கு மேல எட்டி ஸ்ரீவித்யா எடுத்த போட்டோ." அவன் மூச்சு வாங்கினான். "எனக்கு ஏதுண்ணா தளம்? இவ ரெண்டு வருஷமா காய்கறி போடத் தரைக்குள்ள இறக்கிக் கண்ணாடிக் கூரை போட்ட தோட்டம் கேக்கறா. நான் மசியல. நீங்க குழியில நின்ன போட்டோவைத் தினம் காட்டினா. நாப்பத்தாறு வயசுல மாமா எப்படித் தோண்டறார் பாருன்னு. எனக்கு உங்க மேல பொறாமைல சோறு இறங்கலண்ணா. கடைசியில நானே இறங்கிட்டேன்."

ஆஹா! என் மேல் பொறாமை! கால்கரியில் வயிறு எரிந்தே விட்டது! சம்ப்பாவது கிம்ப்பாவது. உச்சி குளிர்ந்து நின்றேன்.

"உங்களது எவ்வளவு ஆழம்ணா?"

"நாலு அடி" என்றேன் கர்வமாக. "உன்னோடது?"

"அஞ்சு போயிட்டேன்."

அவன் சும்மாதான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது. ஒரு அடி அதிகமாம். இவனுக்கு. வேட்டி கட்டத் தெரியாத இவனுக்கு.

காபி ஆறிப்போனது. எனக்கு ஆறவில்லை. வாசலுக்குப் போய் முன்பக்கத்தில் கேட்டுக்கும் படிக்கும் நடுவே கிடந்த வெறும் மண்ணைப் பார்த்தேன். ஜெயந்துக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு ஆளோட வா. முன்பக்கம் ஒரு குழி தோண்டணும். ஆழம்..."

"அஞ்சரை அடி, தெரியும் சாஹேப்" என்றான் ஜெயந்த். "வஹினி வெள்ளிக்கிழமையே சொல்லியாச்சு. மழைத்தண்ணி சேக்கற தொட்டி. நீங்க போன் பண்ற வரைக்கும் காத்திருக்கணும்னு சொன்னான்."