நீலம் சுரக்காத தட்டு

"இன்னுமா நீலம் வரலை?" இயக்குநர் வாசலிலேயே நின்று கேட்டார்.

"வந்துடும் சார்," என்றாள் ஆராய்ச்சி செய்யும் பெண். அவள் கையிலிருந்த கண்ணாடித் தட்டில் பாக்டீரியா வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது.

மண்ணிலிருந்து பிடித்து வந்த ஜீவன் அது. நீலமாக ஒரு பொருளைச் சுரக்கும். அது பட்டால் மற்ற கிருமிகள் காலி. நாளைக்கு மருந்தாகலாம். போன மாதம் சுரந்தது, இந்த மாதம் கப்சிப்.

"திங்கட்கிழமை வருவேன். நீலம் இல்லேன்னா இந்த ஆராய்ச்சியை இழுத்து மூடிடலாம்."

நாலு வருஷ உழைப்பு! அவள் உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"பசியா இருக்கும். கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பாரு," என்றார் அவர்.

போட்டாள். கொழுகொழுவென்று வளர்ந்தது. நீலம்? மூச்!

குளிருகிறதோ என்னமோ என்று பாக்டீரியா வளர்க்கும் பெட்டியின் சூட்டைக் கூட்டினாள். இன்னும் பெருத்தது. சர்க்கரையை மூன்று மடங்காக்கி, புரதமும் சேர்த்தாள். தின்றுவிட்டுத் தட்டு முழுக்கப் பரவியது, அதே வெள்ளையாக.

லென்ஸை வைத்துக் குனிந்தாள். "உனக்கு என்னதான் வேணும்? வாயைத் திறந்து சொல்லேன்!"

அன்றைக்கும் போனில் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. "எனக்கு என்னைக்காவது இப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கியா?"

"நீங்க மருந்து சுரப்பீங்களா? வைங்க போனை!"

வெள்ளிக்கிழமை மாலை தட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். வேண்டாத தெய்வமில்லை.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தவள் கத்தியே விட்டாள். தட்டெல்லாம் நீலம்! சும்மா இல்லை, மைப்புட்டி கவிழ்ந்த மாதிரி!

இயக்குநர் ஓடி வந்தார். "அடேயப்பா! என்ன செஞ்சீங்க?"

"குறையில்லாம ஊட்டினேன் சார். சர்க்கரை மூணு மடங்கு."

"பிரமாதம்! பெரிய தொட்டியிலயும் அதே சாப்பாடுதான். சர்க்கரை மூட்டை மூட்டையா வரவழைக்கிறேன். ஆராய்ச்சிக் கட்டுரையை நீங்க இன்னைக்கே அனுப்பிடுங்க!" என்று கை குலுக்கிவிட்டுப் போனார்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டுரையை அனுப்பிவிட்டுத் திரும்பினால், துப்புரவு செய்யும் அம்மா துடைப்பத்தோடு தயங்கி நின்றிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். நீங்க ஊட்டி வளர்த்த தட்டு சனிக்கிழமை பெட்டியைத் துடைக்கையில என் கை தவறி உடைஞ்சிடுச்சு. அலமாரிக்குப் பின்னாடி மூணு வாரமா சோறு தண்ணியில்லாம காஞ்சு கிடந்த உங்க பழைய தட்டு ஒண்ணைத்தான் துடைச்சு உள்ள வச்சேன்."