நாலு மணிக்குள் ஒரு பேச்சு

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேன், சொல்லாவிட்டாலும் செய்வேன்.

பல்கலைக்கழக அரங்கில் மணி மூன்று. மனித மூளை பத்து நிமிடத்துக்கு மேல் எதையும் கவனிக்காது என்பதை மூளை அறிவியல் பேராசிரியை ஒரு மணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்தார். அடுத்த பேச்சு பொருளாதார வளர்ச்சி. அதற்கும் அடுத்தது 'மாணவரை ஊக்குவிப்பது எப்படி'. அதைப் பேச வேண்டியவர் மேடையின் மூன்றாவது நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஊக்கம் சார்.

இருபத்தாறு வருடங்களாக ஊரார் பிள்ளைகளை ஊக்குவித்தவர். சொந்த மகளிடம்தான் பலிக்கவில்லை. அங்கேயே இரண்டாம் ஆண்டு படிக்கும் அவள், படிப்பை விட்டு விலகும் படிவத்தை நிரப்பி வைத்திருந்தாள். அலுவலகம் நாலு மணிக்கு மூடும்.

காலையில் கெஞ்சிப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை அப்பா சொல்றதைக் கேளும்மா."

"நீங்க எங்கப்பா சொல்றீங்க? பாடம்ல நடத்துறீங்க."

"சரி, அரங்கத்துக்கு வா. என் பேச்சைக் கேளு. நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கில்ல?"

"வரேம்ப்பா" என்றாள். வந்தும்விட்டாள். கடைசி வரிசை.

பேராசிரியை ஒருவழியாக உட்கார, பொருளாதாரப் பேராசிரியர் எழுந்தார். "சுருக்கமா முடிச்சுடறேன்" என்றார். அரங்கமே கலங்கியது.

மூன்று இருபதுக்கு ஊக்கம் சார் ஒரு துண்டுச்சீட்டில் 'நேரம் முடிந்தது' என்று எழுதி, மேடையோரம் நின்ற மைக்காரரிடம் கொடுத்தனுப்பினார். அந்த அரங்கில் கேள்வி கேட்பவர்களும் சீட்டில்தான் எழுதி அனுப்புவார்கள். அதை அவர் யோசிக்கவில்லை.

பேச்சாளர் சீட்டைப் பிரித்தார். முகம் மலர்ந்தது.

"'நேரம் முடிந்தது!' ஏழை நாடுகளுக்கு நேரம் முடிஞ்சுபோச்சான்னு ஒருத்தர் கேக்கறார். இல்லவே இல்லை! ஏன்னா..."

பன்னிரண்டு நிமிடம் போயிற்று.

அடுத்த சீட்டு: 'போதும், நிறுத்தவும்.'

"எதை நிறுத்தணும்? இறக்குமதியையா, மானியத்தையா? ரெண்டையும் பாத்துடுவோம்."

ஊக்கம் சார் பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்தார். "மேடம், உங்க மூளை அறிவியல்ல இதுக்கு ஒரு வழியும் இல்லையா?"

"இருக்கே. மைக்கை அணைச்சிடுங்க."

ஊக்கம் சார் கண்ணைக் காட்டினார், மைக்காரர் அணைத்தார்.

"ரொம்ப நல்லது!" என்றார் பேச்சாளர். "எனக்கு மைக்கே வேண்டாம்." மேடையிலிருந்து இறங்கி வரிசைகளுக்குள் புகுந்தார். ஐந்தாவது வரிசை மாணவன் ஒருவனுடைய மாமாவின் செருப்புக் கடையை மட்டும் வைத்து ஒரு முழு நாட்டையே முன்னேற்றிக் காட்டினார்.

மணி மூன்று ஐம்பது. ஊக்கம் சார் மானத்தை விட்டு உள்ளதை எழுதினார்: 'என் மகள் போய்விடப் போகிறாள். தயவுசெய்து.'

பேச்சாளர் அதையும் உரக்கப் படித்தார். "'என் மகள் போய்விடப் போகிறாள்!' இளைஞர்கள் நாட்டை விட்டு வெளியேறுவது! இவ்வளவு நேரமா இதைக் கேக்க ஒருத்தருக்கும் தோணலையே!"

கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் மகளும் எழுந்தாள். மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்தபடி வெளியே போனாள்.

அப்போதே அவர் குதித்து ஓடியிருக்கலாம். மேடையில் இருப்பவன் பாதியில் எழுந்து போவது மரியாதையில்லை என்று உட்கார்ந்திருந்தார். அந்தப் பதினைந்து நிமிட மரியாதையை நினைத்து அவர் நொந்துகொள்ளாத நாளில்லை.

நாலு மணி ஐந்துக்கு மைக் அவர் கைக்கு வந்தது. அதற்குள் அரங்கம் காலி. கேட்பதற்கு மைக்காரர் இருந்தார், பேராசிரியை தூங்கிக்கொண்டிருந்தார். மைக்கை அப்படியே வைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

எழுத்தர் அம்மாள் மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் முன்னாடி என் பொண்ணு ஒரு ஃபாரம் குடுத்தாளே, அதைத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா" என்றார், மூச்சு வாங்க. "நான் இன்னும் அவகிட்ட பேசவே இல்லை."

"கொஞ்சம் முன்னாடியா? காலையில ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளா குடுத்துட்டாங்களே சார். இதை முடிச்சுட்டா அப்பா பேச்சை நிம்மதியா உக்காந்து கேக்கலாம்னு சொன்னாங்க."