அப்பாவின் கண்ணாடியில் ஓடிய எழுத்து

என் தங்கையின் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தியவன் நான். இதை வீட்டில் யாரும் மறுப்பதில்லை. நானும் மறுப்பதில்லை. மறுத்தால் சாட்சி சொல்ல ஏழு பேர் இருக்கிறார்கள். அதில் நாலு பேர் சம்பந்தி வீட்டார்.

அப்போது நான் பெங்களூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அங்கே மூக்குக் கண்ணாடி செய்தோம். (அம்மா தெருவில் எல்லோரிடமும் "பையன் கண்ணாடிக் கடைல இருக்கான்" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள்.) அது சாதாரணக் கண்ணாடி இல்லை. சட்டத்துக்குள், காதோரம் கடுகளவு விளக்கு ஒன்று இருக்கும். அதன் வெளிச்சம் லென்ஸின் ஓரத்தில் நுழைந்து, கண்ணாடிக்குள்ளேயே முட்டி முட்டி ஓடி, கண்ணுக்கு நேரே வந்ததும் வெளியே இறங்கும். அதை இறக்கிவிடுபவை கண்ணாடியின் மேல் போட்ட மிக நுண்ணிய கோடுகள். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நூறுக்கு மேல் போடலாம். போட்டுக்கொண்டவருக்கு எதிரே காற்றில் பச்சை எழுத்து மிதப்பது போலத் தெரியும். அந்தக் கோடுகள் என் பொறுப்பு.

அந்தக் கோடுகளுக்குக் கண் எந்தப் பக்கம், ஊர் எந்தப் பக்கம் என்று தெரியாது. கண் பக்கம் வெளிச்சத்தை இறக்கும்போதே கொஞ்சத்தை எதிர்ப்பக்கமும் விட்டுவிடும். வாரக் கூட்டத்தில் யாராவது இதைப் பற்றிக் கேட்பார்கள். "எதிரில் இருப்பவருக்கு மங்கலாக ஒரு பச்சை தெரியும், அவ்வளவுதான். எழுத்தும் இடவலமாகத் திரும்பியிருக்கும். யாராலும் படிக்க முடியாது" என்பேன். அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

அப்பா திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மில்லின் இரைச்சல் அவர் காதை எடுத்துக்கொண்டது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். "உள்ள விசில் அடிக்குது" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். தங்கை வித்யாவுக்கு முதலில் வந்த வரன் வீட்டார் "பொண்ணு வேலைக்குப் போகுதா?" என்று கேட்டபோது, "இல்லைங்க, போன வருசமே வித்துட்டோம்" என்றார். (பழைய ஸ்கூட்டரைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.) அந்த வரன் திரும்பி வரவில்லை. "அடுத்து வாரவுககிட்ட நான் ஊர்ல இல்லன்னு சொல்லிருங்க" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

அதனால்தான் மேலாளரிடம் கேட்டு ஒரு மாதிரிக் கண்ணாடியை ஊருக்கு எடுத்து வந்தேன். சுற்றி யார் என்ன பேசினாலும் அதிலிருக்கும் மைக் கேட்டு, எழுத்தாக்கி, ஒற்றை வரியாக ஓடவிடும். அப்பாவுக்குப் படிக்க நேரம் வேண்டுமே என்று ஒவ்வொரு வரியும் இரண்டு முறை ஓடும்படி நானே செய்து வைத்தேன். அந்த நல்ல மனதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

மாப்பிள்ளை பிரபுவுக்கு ஒட்டன்சத்திரம். அவர் அப்பா அங்கே காய்கறி மண்டி வைத்திருந்தார். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரபு, அவர் அப்பா, அம்மா, சித்தப்பா என நாலு பேர் வந்தார்கள். அப்பாவுக்கு நேர் எதிரே நாலடி தூரத்தில் சித்தப்பா உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடம் எல்லாம் பிரமாதமாக நடந்தது. தக்காளி விலை கேட்டார்கள், தக்காளியைப் பற்றியே அப்பா பதில் சொன்னார். ஆத்தூர் அணையில் தண்ணீர் எவ்வளவு என்றார்கள், அதற்கும் சொன்னார். அடுப்படி வாசலில் நின்ற அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். (தடவும் அளவுக்கு மீசையும் இல்லை.)

அப்போது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, இவுக தலைக்கு மேல வானவில்லு தெரியுது."

வெயில் அந்தக் கோடுகளில் பட்டால் நிறம் பிரியும். எழுந்துபோய் ஜன்னல், வாசல் கதவு எல்லாவற்றையும் சாத்தினேன். டியூப்லைட் வெளிச்சமும் அந்தக் கோடுகளில் சிதறியது. அதையும் அணைத்தேன்.

"ஏனுங்க தம்பி, கரண்டு போயிருச்சுங்களா?" என்று பிரபுவின் அப்பா துண்டால் விசிறிக்கொண்டே கேட்டார்.

"இல்லைங்க. அப்பாவுக்குத் தெளிவாத் தெரியணும்ல, அதுக்குத்தான்" என்றேன். தெளிவாகத் தெரிவதற்காக இருட்டாக்கியவனை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டியதும், கண்ணாடிக்கு வெளியே கசியும் பச்சை பளிச்சென்று தெரியத் தொடங்கியிருக்கிறது. நான் அப்பாவுக்குப் பின்னால் அம்மாவோடு நின்றதால் அதைப் பார்க்கவில்லை. இருட்டு தந்த தைரியத்தில் அம்மா என் காதோரம் கிசுகிசுத்தாள்: "ஏன்டா, போட்டோல முடி அம்புட்டு இருந்துச்சே. இப்ப எங்க போச்சு?"

அவள் சொன்னது மாப்பிள்ளையின் முன்னந்தலையை. மைக் அதைத் தவறில்லாமல் எழுதியது. சொன்னது யார் என்று மட்டும் அது எழுதாது.

அப்பா எழுந்து நின்றார். "எம்பொண்ணுக்கு இடுப்பு வரைக்கும் முடி. சவுரி கிவுரி ஒண்ணும் இல்ல. சந்தேகம்னா உங்க வீட்டம்மாவ விட்டு இழுத்துப் பாக்கச் சொல்லுங்க."

"நாங்க ஒண்ணுமே கேக்கலீங்களே" என்றார் பிரபுவின் அப்பா.

சித்தப்பா முன்னால் குனிந்தார். "கொஞ்சம் இருங்கண்ணா. இவரு கண்ணாடில என்னமோ எழுத்து ஓடுதுங்க."

சித்தப்பாவுக்குப் பழனியில் ரப்பர் ஸ்டாம்ப் கடை என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஈய எழுத்தைத் தலைகீழாக, இடவலமாக அடுக்கி அடுக்கியே வயதானவர். நேராக எழுதியதைவிடத் திரும்பி இருப்பதை வேகமாகப் படிப்பார். எதிரிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு நேரத்தில் ஓர் எழுத்துதான், சாவித் துவாரத்தில் தெரிவது போலத் தெரியும். வரியோ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது முறையாக.

"முடி... அம்... புட்டு... இருந்... துச்சே. இப்ப... எங்க... போச்சு."

அம்மா மறுபடி வாயைத் திறக்கப் போனாள். "அம்மா, வாய மூடு" என்றேன் நான்.

"அம்மா, வாய மூடு" என்று வாசித்தார் சித்தப்பா.

ஜன்னலைத் திறந்தேன். இனி திறந்து பயனில்லை. எல்லோரும் பிரபுவின் தலையைப் பார்த்தார்கள். அவர் கையால் முன்னந்தலையை ஒரு தடவை தடவிவிட்டு, "போட்டோ மூணு வருசத்துக்கு முந்தி எடுத்ததுங்க. அதத்தான் குடுக்கோணும்னு எங்கம்மா சொன்னாங்க" என்றார். அவர் அம்மா தரையைப் பார்த்தார். பிரபுவின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டுச் சொல்லி விடறோமுங்க" என்று எழுந்தார். பஜ்ஜியை யாரும் தொடவில்லை.

எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. அம்மா என்னோடு பேசவில்லை. அப்பா மட்டும் திட்டவில்லை. பெங்களூர் பஸ் ஏற்ற வந்தபோது சொன்னார்: "உங்கம்மா மெதுவாப் பேசுறது எனக்குக் கேட்டுப் பத்து வருசமாச்சுடா. அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு." நான் பையைத் தூக்கி மேலே வைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் வித்யாவே பிரபுவுக்குப் போன் செய்திருக்கிறாள். "முடி எனக்குப் பெருசில்ல. எங்கண்ணனுக்குந்தான் போயிருச்சு, வீட்ல வச்சுத்தான இருக்கோம்" என்றாளாம். (அப்போது எனக்குப் போகத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான்.) பிரபு சிரித்துவிட்டு, "எங்க வீட்ல எல்லாம் முதுகுக்குப் பின்னாடிதான் பேசுவாங்க. உங்க வீட்ல மூஞ்சிக்கு நேரா எழுதிக் காட்டிட்டீங்க. இது பரவால்லீங்க" என்றாராம். ஆவணியில் கல்யாணம் நடந்தது. சித்தப்பாதான் முன்நின்று நடத்தினார்.

அலுவலகத்தில் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். கோடுகளின் சாய்வை மாற்றி, வெளியே கசிவதைக் குறைக்க ஒரு வருடம் ஆனது. இன்றைக்கும் அங்கே புதிய லென்ஸ் எது வந்தாலும் இருட்டறையில், நாலடி தள்ளி ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்வார்கள். அதற்குப் பெயர் 'சித்தப்பா சோதனை'. தமிழே தெரியாதவர்கள்கூட "சித்தப்பா ஆயிடுச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

போன மாதம் வித்யாவின் குழந்தைக்குப் பழனியில் மொட்டை போட்டோம். பிரபுவும் கூடவே போட்டுக்கொண்டார். அப்பனும் மகளும் சந்தனத்தைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்கள். நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். பிரபு வாங்கிப் பார்த்து, என் அம்மாவுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "இது எந்த வருசத்துப் போட்டோன்னு இனி யாரும் கேக்க முடியாதுங்க மச்சான்."