கீறல் மாஸ்டர் வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கார்

உலகத்தில் குறையே இல்லாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்பதை நாமெல்லாம் வருத்தத்தோடுதான் ஒப்புக்கொள்கிறோம். அதைத் தினமும் திருவிழாவாகக் கொண்டாடிய ஒரே மனிதர் எங்கள் கீறல் மாஸ்டர்தான்.

ராணிப்பேட்டையில் நான் வேலை பார்த்த தோல் தொழிற்சாலையில் அவருக்கு செலக்‌ஷன் வேலை. பதனிட்டு வந்த தோலை மேஜைமேல் விரித்து, எங்கே முள் கிழித்தது, எங்கே உண்ணி கடித்தது, எங்கே உரித்தவன் கத்தி நழுவியது என்று பார்த்து, சாக்பீஸால் வட்டம் போட்டுத் தரம் பிரிக்க வேண்டும். ஆடு உயிரோடு இருந்தபோது அதற்கே தெரியாமல் பட்ட கீறலைக்கூட மாஸ்டர் கண்டுபிடித்துவிடுவார். அவருடைய சொந்தப் பெயரை நான் முதன்முதலாகப் பார்த்தது அவர் பாஸ்போர்ட்டில்தான். பார்த்ததும் மறந்துவிட்டேன். அது அவருக்குப் பொருந்தவே இல்லை.

ஷிப்ட் முடிந்தாலும் அவர் கண்ணுக்கு வேலை முடியாது என்பதுதான் சிக்கல். முதலாளி புதுக் கார் வாங்கி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காயைக் கையில் எடுத்த நேரத்தில், மாஸ்டர் குனிந்து பின்கதவில் மூன்று வட்டம் போட்டார். முதலாளி தேங்காயைக் கீழே வைத்துவிட்டு ஷோரூமுக்கு போன் செய்தார். கதவையே மாற்றிக் கொடுத்தார்கள்.

முழங்கால் வலி என்று வேலூரில் ஒரு டாக்டரைப் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். எலும்பில் விரிசல் என்று டாக்டர் எக்ஸ்ரேயில் ஒரு கோட்டைக் காட்டினார். மாஸ்டர் பிலிமை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, கோடு எலும்பில் இல்லை, பிலிமில் விழுந்த கீறல் என்றார். டாக்டர் வேறு படம் எடுத்துப் பார்த்தார். மாஸ்டர் சொன்னதே சரி. வலி மட்டும் அப்படியே இருந்தது.

இப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு இத்தாலி போகும் பாக்கியம் சில வருஷங்களுக்கு முன் எனக்கு வாய்த்தது. நாங்கள் அனுப்பிய சரக்கில் இருநூறு தோல் கீறல் விழுந்தவை என்று அங்கே ஒரு ஷூ கம்பெனிக்காரர் புகார் எழுதியிருந்தார். அவரை நேரில் பார்த்துச் சமாதானம் செய்யாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது. அது இல்லாவிட்டால் எங்கள் ஷெட்டில் பாதிப் பேருக்கு வேலை கிடையாது. நாங்கள் போய் இறங்கிய நாள் ஜூலைக் கடைசி வெள்ளிக்கிழமை. அந்த ஊரில் ஆகஸ்ட் முழுக்கத் தொழிற்சாலைகளை இழுத்துப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அன்று மாலை நான்கு மணிக்குள் நாங்கள் அங்கே நிற்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். இறங்கியது காலை ஒன்பதுக்கு. ஐந்து மணி நேரம் கையிருப்பு என்று நான் கணக்குப் போட்டேன். மாஸ்டரை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

கார் ஓட்டப்போவது நான். சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் வாங்கி, இணையத்தில் ஒரு சின்ன வண்டியும் பதிவு செய்திருந்தேன். இந்த வாடகைக் கம்பெனிகள் பதிவு செய்யும்போது ஒரு விலையும் சாவி கொடுக்கும்போது வேறு விலையும் சொல்வார்கள், எதற்கும் தலையாட்டாதே என்று விவரம் தெரிந்தவர்கள் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். நான் ஆட்டவில்லை. நான் அங்கே இருந்தால்தானே ஆட்டுவதற்கு.

ஷூ கம்பெனிக்காரருக்கு என்று மாஸ்டர் ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா கொண்டுவந்திருந்தார். பாகு கசிந்து பெட்டியெல்லாம் ஓடி, சுங்க அதிகாரிகள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பால்கோவா சேர்த்துச் செய்த இனிப்பு என்று நான் விளக்க, பால் பண்டம் உள்ளே வரக்கூடாது என்று அவர்கள் விளக்க, முக்கால் மணி நேரம் போயிற்று. மாஸ்டரை அதுவரை கார் கவுண்டர் வரிசையில் இடம் பிடித்து நிற்கச் சொல்லியிருந்தேன்.

கவுண்டரில் இருந்த அம்மாள் பெயர் பாவ்லா. ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டருக்குத் தெரிந்த ஆங்கிலம் மூன்றே: யெஸ், நோ ப்ராப்ளம், ரிஜெக்ட். வெளிநாட்டுக்காரர் எது கேட்டாலும் முதல் இரண்டை மட்டும் சொல்லு என்று முதலாளி அவரைப் பழக்கியிருந்தார்.

பாவ்லா நீட்டிய தாள் என் முழங்கை நீளம் இருந்தது. முழு இன்சூரன்ஸ். கார் கண்ணாடிக்குத் தனி இன்சூரன்ஸ். டயருக்குத் தனி. இரண்டாவது ஓட்டுநராக, வாழ்க்கையில் மொபெட்டைத் தவிர வேறெதையும் ஓட்டாத மாஸ்டர். லெதர் சீட் வைத்த உயர்ந்த ரக வண்டி. பனியில் சக்கரம் வழுக்காமலிருக்க இரும்புச் சங்கிலி. வெளியே வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. கடைசியாக, குழந்தைகள் உட்காரும் சீட், இரண்டு.

“குழந்தை சீட் எதுக்கு மாஸ்டர்?” என்றேன்.

“பசங்க இருக்காங்களான்னு சைகையில கேட்டாங்கபா. ரெண்டு விரலக் காட்டினேன். இல்லன்னா சொல்ல முடியும்?”

மூத்த மகனுக்கு முப்பத்தொரு வயது. ஓசூரில் வேலை. இளைய மகளுக்கே போன வருஷம் கல்யாணம் ஆயிற்று.

ஒவ்வொன்றாக அடிக்கச் சொன்னேன். பாவ்லா ஒவ்வொன்றுக்கும் வருத்தப்பட்டார். கண்ணாடி உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அதை மாஸ்டருக்குச் சொன்னேன். இப்போது உடைந்திருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் கிளம்புகிற நேரத்தில் எதற்கு அபசகுனமாகப் பேச வேண்டும் என்று அவர் கேட்டதை நான் மொழிபெயர்க்கவில்லை. முன்பணத்துக்கு என் கிரெடிட் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைத்தார்கள். புதிதாக ஒரு கீறல் விழுந்தாலும் அதில் கழித்துக்கொள்வார்களாம். லெதர் சீட் மட்டும் போகவில்லை. சின்ன வண்டி எல்லாம் தீர்ந்துவிட்டது, இருப்பது இது ஒன்றுதான் என்றார் பாவ்லா.

தான் சொன்ன யெஸ்ஸுக்கெல்லாம் விலை உண்டு என்று தெரிந்ததும் மாஸ்டர் முகம் செத்துவிட்டது. பாவ்லா சாவியோடு முன்னே நடக்க, தலையைக் குனிந்துகொண்டே வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார். அங்கே வெள்ளை வெளேரென்று கார் நின்றது. புதுக் கீறலுக்குக் காசு பிடிப்பார்கள் என்றால் பழைய கீறல் எது என்று தெரிய வேண்டாமா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே பாண்ட் பையிலிருந்து நீலச் சாக்பீஸை எடுத்தார்.

நியாயமான கேள்விதான். இரண்டு நிமிஷத்தில் நான்கு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று நான் நினைத்தேன். மாஸ்டர் முதலில் வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். எங்கள் செலக்‌ஷன் மேஜைகள் எப்போதும் வடக்கு ஜன்னலோரம்தான் இருக்கும். நேர் வெயிலில் கீறல் ஒளிந்துகொள்ளும், வடக்கு வெளிச்சத்தில்தான் அகப்படும் என்பது தொழில் பாடம். பாவ்லா போனில் திசை பார்த்துச் சொன்னார். காரை நிழலுக்கு நகர்த்தித் திருப்பி நிறுத்தச் சொன்னார் மாஸ்டர். பாவ்லா திருப்பினார். ஏன் திருப்பினார் என்று அவருக்கே தெரியாது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாஸ்டர் அப்படி நின்றால் எங்கள் முதலாளியே எழுந்து நிற்பார்.

உள்ளங்கையால் பானெட்டைத் தடவிக்கொண்டே போனார். வட்டம். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். வட்டம். மண்டியிட்டார், மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். அங்கிருந்து “கம்மின்னு நெனச்சேன்பா, ஜாஸ்தியா இருக்கு” என்று குரல் மட்டும் வந்தது. பாவ்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வட்டத்தையும் தாளில் குறித்தார். தாளில் இருந்த கார் படத்தில் இடம் தீர்ந்து, பின்பக்கத்தில் இன்னொரு கார் வரைந்தார். மொத்தம் அறுபத்தொன்று. வெள்ளைக் காருக்கு நீல அம்மை போட்டது போலிருந்தது.

பிறகு மாஸ்டர் காருக்குள் போனார். சீட்டில் உட்காரவில்லை. ஓரத்தைக் கிள்ளினார், நகத்தால் அழுத்தினார், அடியில் கைவிட்டுத் துழாவினார், முகர்ந்தார். வெளியே வந்து, அன்றைக்கு முதன்முறையாக மூன்றாவது ஆங்கில வார்த்தையைச் சொன்னார்.

“ரிஜெக்ட், மேடம். இது தோல் இல்ல. ரெக்சின்.”

பாவ்லா லெதர்தான் என்றார். மாஸ்டர் சீட்டடியில் மடிப்பைப் பிரித்துப் பின்பக்கத் துணியைக் காட்டினார். எந்த ஆட்டுக்கும் மாட்டுக்கும் தோலுக்குப் பின்னால் துணி இருக்காது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். பாவ்லா குனிந்து பார்த்தார், தானும் முகர்ந்தார். பேனாவை எடுத்து லெதர் சீட்டுக்கு உண்டான கட்டணத்தை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதிவு செய்த பழைய விலையே நின்றது.

பின்னால் சாவியோடு காத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இதையெல்லாம் பார்த்துவிட்டு, தங்கள் வண்டியையும் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார்கள். மாஸ்டர் நோ ப்ராப்ளம் என்றார். அதற்குப் பின்னால் இன்னும் மூன்று வண்டிகள். நான் கடிகாரத்தைக் காட்டினேன். பேஜார் பண்ணாதே என்றார். நான்காவது வண்டியின் கீழிருந்து அவர் காலைப் பிடித்து இழுத்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

ஸ்டியரிங் இடப்பக்கம், ஓட வேண்டியது வலப்பக்கம், உயிர் தொண்டையில். ஒரு முறை வழி தவறி அரை மணி நேரம் சுற்றினேன். அந்த ஊருக்குள் நுழைந்ததும் போன் காட்டிய குறுக்குச் சந்தில் வண்டியைத் திருப்பப் போனேன். மாஸ்டர் என் கையைப் பிடித்தார்.

“போகாதபா. எவனோ செவப்பு வட்டம் போட்டு வெச்சிருக்கான். உள்ள ஏதோ டேமேஜ் இருக்கு.”

பார்த்தால் சந்து முனையில் சிவப்பு வளையம் போட்ட பலகை. வெளி வண்டிகள் பழைய ஊருக்குள் போகக்கூடாது என்று அர்த்தம். மீறினால் கேமரா படம் எடுத்து, ஊர் திரும்பி மாதக்கணக்கான பிறகு அபராதம் வீட்டுக்கு வந்து சேரும். சுற்று வழியில் போனோம்.

மூன்றேகாலுக்குத் தொழிற்சாலை வாசலில் நின்றோம். ஷூ கம்பெனிக்காரர் தொப்பி போட்டு, பூட்டும் கையுமாகக் கடற்கரைக்குத் தயாராக இருந்தார். அறுபத்தொரு வட்டம் போட்ட காரை ஒரு சுற்று சுற்றிவந்தார். இது யார் வேலை என்று கேட்டார். நான் மாஸ்டரைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தார்.

புகார் சொன்ன இருநூறு தோலையும் மாஸ்டர் அரை மணி நேரத்தில் பிரித்தார். முப்பதில் இருப்பது கீறல்தான் என்று ஒப்புக்கொண்டார். மீதி நரம்புக் கோடு, உடம்போடு பிறந்தது, குறையே இல்லை என்று வடக்கு ஜன்னலில் பிடித்துக் காட்டினார். கம்பெனிக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு மூச்சு வந்தது. அத்தோடு விட்டாரா? நல்லது என்று அவர்கள் எடுத்து வைத்திருந்த அடுக்குக்குப் போய், பதினொரு தோலை உருவி மேஜைமேல் போட்டு வட்டம் போட்டார். நான் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு, இதை நீங்கள் கவனிக்கவில்லை, இதுவும் ரிஜெக்ட் என்றார்.

கம்பெனிக்காரர் அந்தப் பதினொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, இனி வரும் தோலை இங்கே பிரித்துப் பார்க்கப்போவதில்லை, இவர் கையெழுத்து இருந்தால் போதும் என்றார். அடுத்த ஆர்டரை நின்றபடியே எழுதிக் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காரைத் திருப்பிக் கொடுத்தோம். பக்கத்து பங்க்கில் டேங்கை நிரப்பி ரசீதும் வைத்திருந்தேன். பாவ்லாதான் வந்தார். வட்டங்களைத் தாளோடு ஒப்பிட்டுச் சுற்றிவந்து, புதிதாக ஒன்றுமில்லை என்று பேனாவைத் திறந்தார்.

“ஒரு நிமிஷம் மேடம்” என்றார் மாஸ்டர். டிக்கி ஓரத்தில், அவரே மஞ்சள் சாக்பீஸால் போட்டிருந்த ஒரு சின்ன வட்டத்தைக் காட்டினார். “இது எங்க கீறல். சாம்பிள் பெட்டிய இழுக்கும்போது ஆச்சு. நீலம் உங்களுது, மஞ்சள் எங்களுது.”

மொழிபெயர்க்காமல் நான் வானத்தைப் பார்த்தேன். மஞ்சள் வட்டம் தானாகவே பேசியது. பாவ்லா குனிந்தார், போன் விளக்கை அடித்தார், ஒன்றும் தெரியவில்லை என்றார். மாஸ்டர் அவர் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினார். நாணயத்தைவிடச் சின்னதாக இருந்தால் எங்கள் கம்பெனியில் கணக்கில்லை என்றார் பாவ்லா. மாஸ்டர் உடனே ஒரு ரூபாயை எடுத்து வைத்துப் பார்த்தார். கீறல் நூலளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பெருமையாகக் காட்டினார். பாவ்லா தன் பர்சைத் துழாவி, இருந்ததிலேயே பெரிய நாணயமாக எடுத்து அதன்மேல் வைத்தார். கீறல் மறைந்துவிட்டது. தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, மாஸ்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். விமானம் ஏறும்வரை மாஸ்டர், அந்தக் கம்பெனியில் செலக்‌ஷன் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போது அவர் ஓய்வுபெற்று வாலாஜாபேட்டையில் இருக்கிறார். நான் எந்த நாட்டில் கார் எடுத்தாலும் சாவி வாங்கியதும் வீடியோ காலில் அவரைக் கூப்பிட்டுவிடுவேன். மெதுவாகப் போ, போனைச் சாய்த்துப் பிடி என்று அங்கிருந்தே என்னைச் சுற்றவைப்பார். போன மாதமும் கூப்பிட்டேன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று அவர் மகள் முன்பே சொல்லியிருந்தாள். முன்கதவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு நசுங்கல். போனை அதற்கு நேராகக் காட்டினேன். மாஸ்டர் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி வந்து வெகுநேரம் பார்த்தார்.

“இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லபா. அந்தப் பக்கம் வா” என்றார்.

சரி மாஸ்டர் என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போனேன்.