செங்கமலத்தின் சட்டையும் டோல்கேட் கம்பியும்

ஒரு காட்டில் ரோடு வந்தது. ரோடு வந்த மறுவாரமே டோல்கேட்டும் வந்துவிட்டது, அது மட்டும் தாமதமாகுமா? ஊர்வதோ நடப்பதோ, எல்லாரும் நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று சிங்கராஜா உத்தரவு போட்டார். மெஷின் ஸ்டிக்கரைப் பார்த்தால்தான் கம்பி தூக்கும்.

செங்கமலம் என்ற நல்லபாம்பு சட்டதிட்டம் என்றால் உயிரை விடுகிறவள். முதல் ஆளாகப் போய் ஒட்டிக்கொண்டாள். பாம்பு சட்டை உரிக்குமே என்பது உத்தரவு எழுதிய நரிக்கும் தோன்றவில்லை, ஒட்டிக்கொண்ட இவளுக்கும் தோன்றவில்லை.

அன்று காலை எலி பிடிக்க இந்தப் பக்கம் வந்தவள், டோல்கேட் ஓரத்து முள்வேலியில் உரசிச் சட்டையைக் கழற்றிப் போட்டாள். பளபளவென்று திரும்பிப்போக வரிசையில் நின்றாள். அந்தப் பக்கம் புற்றில் மூன்று முட்டைகள், இன்றோ நாளையோ என்று இருந்தன. அவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கம்பி அசையவில்லை.

"ஸ்டிக்கர் எங்கேக்கா?" என்றது சாவடிக் குரங்கு.

அட கொடுமையே! வாலை வரிசையிலேயே வைத்துக்கொண்டு, எட்டி வேலியிலிருந்த சட்டையைக் கவ்விக் குரங்கிடம் நீட்டினாள்.

"கையில பிடிச்சுக் காட்டினா செல்லாது. உடம்புல இருக்கணும்."

"எனக்கு ஏது தம்பி கை?"

"ரூல்ஸ்ல அப்படித்தான் போட்டிருக்கு. போட்டுக்கிட்டு வாங்க."

பாவம், உரித்த சட்டைக்குள் மறுபடி நுழையப் பார்த்தாள். கழுத்துக்கு மேல் ஏறுவேனா என்றது.

"சீக்கிரம்மா!" பின்னால் கத்தியது வீரபத்திரன் என்ற கீரி. "அந்தப் பக்கம் புத்துல முட்டை பொரியப் போகுதாம். ஆறினா நல்லாருக்காது."

செங்கமலத்துக்குப் பகீரென்றது. திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரை பறந்துகொண்டிருந்தவள், அதற்கப்புறம் ரொம்ப நிதானமாகச் சட்டையை உதறினாள். மடித்தாள். உள்பக்கம் வெளிப்பக்கம் பார்த்தாள். "வால் பக்கம் கொஞ்சம் பிடிக்குது தம்பி, இருங்க" என்றாள்.

வரிசை ஆலமரம் வரை நீண்டது. கம்பிக்குக் கீழே ஒரு முழம் சந்து இருந்தது. யார் பார்த்தார்கள்? எல்லார் கண்ணும் பச்சை விளக்கு மேலேயே.

உச்சிவேளையில் அந்தச் சந்து வழியாக மூன்று குட்டிப் பாம்புகள் நெளிந்து வந்தன.

"அம்மா! எவ்வளவு நேரம் இங்கேயே நிப்பே?"

செங்கமலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கீரியும் பார்த்தது. காலையிலிருந்து காத்திருந்த சாப்பாடு, தானாகக் காலடிக்கே வந்திருக்கிறது. அதன் மீசை துடித்தது. கண் சிவந்தது. நேரே குரங்கிடம் பாய்ந்தது.

"சார்! ராங் சைடுல வர்றாங்க பாருங்க சார்! ஒண்ணுத்துக்கும் ஸ்டிக்கர் இல்ல! நாங்க காலையிலேருந்து நிக்கிறவங்க என்ன கேனையங்களா? ஃபைன் போடுங்க!"

குரங்கு ரசீதுப் புத்தகத்தைத் தேடியது. கீரி ஆளைக் கூட்டியது. அந்தக் களேபரத்தில் செங்கமலம் பிள்ளைகளோடு புதருக்குள் போய்விட்டாள். சட்டை மட்டும், ஸ்டிக்கர் மேலே தெரிய, வரிசையில் கிடந்தது. மெஷின் அதைப் பார்த்துக் கம்பியைத் தூக்கியது.

நீதி: பசியும் பரம்பரைப் பகையும் எவ்வளவு பெரியதானாலும், ராங் சைடில் வந்தவனைத் திட்டி முடித்த பிறகுதான் அவற்றுக்கு நேரம் கிடைக்கும்.