ஐம்பத்தாறாம் ஆண்டின் நேர்முக வர்ணனையாளர்

கோர்னர் உதைத்தாயிற்று. மழையில் ஊறி இரும்புக் குண்டாய்ப் போன பந்து இடப்பக்க மூலையிலிருந்து வருகிறது. வெறுங்காலோடு சேற்றில் நிற்கிற இருபத்திரண்டு பேரில் ஒரே ஒருவர்தான் எழும்புகிறார். எழும்பினவர் பந்து வலைக்குள் போகும்வரை கீழே இறங்கவேயில்லை என்று சொல்லிக்கொண்டே கொட்வினும் ஒருமுறை எழும்பிக் காட்ட, அவர் கையிலிருந்த தட்டிலிருந்து இரண்டு மீன் ரோல்ஸ் ஸ்ட்ரெதம் தேவாலய மண்டபத்தின் தரையில் உருண்டன.

"குனிஞ்சு எடுங்கோ," என்றார் மனைவி றோஸ்மலர். "ஐம்பத்தாறில நீங்கள் பிறக்கவேயில்லை."

"பிறந்திருந்தவைக்கு இவ்வளவு வடிவாச் சொல்ல ஏலுமோ?"

ஏலாது. அதுதான் விஷயம். வாசகரே, இந்த இனத்தை நீங்கள் எங்காவது சந்தித்திருப்பீர்கள்: பார்க்காத ஆட்டத்தின் நேர்முக வர்ணனையாளர். ஆடியவருக்கு ஆட்டம் மறந்துபோகும். ஆறு வருடம் கழித்துப் பிறந்தவருக்கு ஒரு த்ரோகூட மறக்காது. கலியாண வீட்டில் உப்புக் குப்பியைப் பந்து பிடிக்கிற கோலியாகவும் சம்பல் கிண்ணத்தைக் கோல் வலையாகவும் வைத்து, அடுத்தவருடைய அப்பளத்தை விசில் ஊதுகிற றெப்ரியாக்கி, ஊரில் தான் படித்த கல்லூரி உதைபந்தாட்டத்தில் கப் எடுத்த அந்த ஒரு பருவத்தை முதல் ஆட்டத்திலிருந்து நடத்திக் காட்டுவார். செத்த வீட்டில் குரலைத் தாழ்த்திக்கொண்டு அதையே நடத்துவார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு அயலவரோடு போன இடத்தில் வடம் பிடித்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. இரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் தாரிணி, "ஆமா அங்கிள், கோல் விழுந்துச்சுன்னு போன தடவையே சொன்னீங்களே" என்றார். அதற்காக கொட்வின் இம்முறை அரையிறுதியிலிருந்து தொடங்கினார்.

சிரிக்கலாம். ஆனால் நாம் மட்டும் என்ன? கடல் கடந்து இந்த ஊருக்கு வந்து ஷிப்ட் மாறினோம், வீடு மாறினோம், கவுன்சிலோடு குப்பைத் தொட்டிக்குச் சண்டை பிடித்தோம். கப் ஒன்றும் எடுக்கவில்லை. யாரோ எடுத்த கப்பில்தான் நமக்கும் தேநீர்.

அன்று பழைய மாணவர் சங்கத்தின் வருடாந்த விருந்து. இத்தனை வருடமும் சாப்பாட்டு மேசையில் சொன்னதை கொட்வின் முதல் முறையாக மைக்கில் சொல்லப்போகிறார். காரணம் பிரதம விருந்தினர்: ஐம்பத்தாறாம் ஆண்டு அணியில் ஆடிய றெஜினோல்ட், அந்தத் தலையாலடித்த கோலுக்குச் சொந்தக்காரர், அண்மையில்தான் சவுத்தாலில் மகள் ஷெறோன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"பத்து நிமிசம் தாறன்," என்று சங்கச் செயலாளர் றொனால்ட் முன்பே சொல்லியிருந்தார். "பிழைச்சுதோ, இனி இந்த மண்டபத்தில நீர் ரோல்ஸ் மட்டும்தான் பரிமாறலாம்."

றெஜினோல்ட் வந்தார். கொட்வின் அவரை முன்வரிசைக் கதிரையில் இருத்தி, கோட்டை வாங்கிவைத்து, பக்கத்தில் குந்தினார்.

"அண்ணை, பைனல்ல நீங்கள் தலையால அடிச்ச கோலைத்தான் இண்டைக்குச் சொல்லப்போறன்."

"எந்தப் பைனல்?"

"ஐம்பத்தாறு, அண்ணை."

"அது நடக்கேல்லையே, தம்பி. மழை. மைதானம் குளம் மாதிரி. றெப்ரி குடையோட வந்து எட்டிப் பாத்திட்டுப் போட்டார். கப்பை ரெண்டு கொலிச்சும் ஆறாறு மாதம் வைச்சிருந்தது." கிழவர் கொஞ்சம் யோசித்தார். "நான் பாக், பின்னுக்கு நிண்டு மறிக்கிறவன். நடுக்கோட்டைத் தாண்டினா மாஸ்ரர் அடிப்பார்."

கொட்வினுக்கு முதலில் வந்தது ஆறுதல். மழை சரி. மழையைச் சொன்னது அவருடைய தகப்பனார். கோர்னர் எப்போது கதைக்குள் வந்து சேர்ந்தது? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அதற்குள் றொனால்ட் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

மைக்கைப் பிடித்தபோது உண்மையைச் சொல்லிவிடுவது என்றே நினைத்தார். மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது. றோஸ்மலர் கொத்துரொட்டித் தட்டைக் கீழே வைத்தார்.

"மழை," என்றார் கொட்வின்.

இதுவரை பொய் இல்லை. மண்டபம் முன்னால் சரிந்தது. பிறகு என்ன, நாக்குக்கு வழி தெரியும். சேறு வந்தது, வெறுங்கால் வந்தது, கோர்னர் உதைத்தாயிற்று, றெஜினோல்ட் எழும்பினார், முழு மண்டபமும் கூடவே எழும்பிக் கைதட்டியது. ஷெறோன் தகப்பனின் தோளைக் கட்டிக்கொண்டு, "அப்பா, எங்களுக்கு ஒரு நாளும் சொல்லவேயில்லையே" என்று கண்ணைத் துடைத்தார்.

றொனால்ட் ஆளை விடுகிறவர் அல்லர். மைக்கைக் கிழவரின் வாயருகே பிடித்தார். "அண்ணை, இவர் சொன்னது உண்மையோ?"

கொட்வின் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். றெஜினோல்ட் மகளைப் பார்த்தார். எழுந்து நிற்கிற சனத்தைப் பார்த்தார். பிறகு கொட்வினிடம் கேட்டார்:

"கோர்னர் எந்தப் பக்கத்தால வந்ததெண்டு சொன்னீர்?"

"இடப்பக்கம், அண்ணை."

"ஓம்," என்றார் றெஜினோல்ட். "இவ்வளவு காலமும் நான் வலப்பக்கமெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

புன்னகைக்கிறீர்களா? நல்லது. இதை நாளைக்கு யாருக்காவது சொல்லும்போது கவனமாக இருங்கள். "நானும் அண்டைக்கு அந்த மண்டபத்தில இருந்தனான்" என்று தொடங்குவீர்கள். தொடங்கினால் பரவாயில்லை, இதைச் சொல்கிற நாமும் அங்கே இல்லை.

மறுநாள் ஞாயிறு. கொட்வினும் றோஸ்மலரும் காலைப் பூசைக்குப் போனார்கள். பூசை முடிந்து வெளியே வந்தபோது ஷெறோன் தொலைபேசியில் கூப்பிட்டார். அப்பாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டதாம். பைனலில் அந்தப் பந்தை அடித்த நாளிலிருந்தே அப்படித்தான் என்கிறாராம். கொட்வின் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். பின்னேரம் மண்டபத்துக்குப் போய்க் கதிரைகளை அடுக்கி, சாவியைப் பங்குத்தந்தையிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.